பதினான்கு நாள் தண்ணீர் படாத கை

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். பூசாரியையாவது தட்சணை வைத்துச் சரிக்கட்டிவிடலாம். அடையாறில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே மூன்று மாடியில் நிற்கிறதே மத்திய சர்க்கார் ஆபீஸ், அதைச் சரிக்கட்ட ஆளே பிறக்கவில்லை. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன், நானும் பிள்ளைகுட்டிக்காரன்.

என் பெயர் உமர் ஃபாரூக். தெருவில் எல்லாருக்கும் பாய். இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் எடுக்கிறேன், ஃபாரம் நிரப்பித் தருகிறேன். அந்த ஆபீஸின் ஜெராக்ஸ் மெஷின் வருஷத்தில் எட்டு மாதம் ரிப்பேர். அதனால் அவர்களுடைய காகிதமெல்லாம் என் கடைக்குத்தான் வரும். அப்படித்தான் செண்பகத்தின் வேலை நிரந்தரமாகப் போகிற சேதி, செண்பகத்துக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது.

செண்பகம் அந்த ஆபீஸைத் துப்புரவு செய்கிறவள். பதினோரு வருஷமாகத் தற்காலிகம். முன்பு ஆற்றோரக் குடிசையில் இருந்தாள், நடந்தே வருவாள். குடிசைகளை எடுத்து எல்லாரையும் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பிய பிறகு விடிவதற்குள் பஸ் பிடிக்கிறாள். ஆறு மணிக்கு ஆபீஸ் பூட்டைத் திறந்தால் மூன்று மாடி, நாற்பத்திரண்டு மேஜை, ஆறு கக்கூஸ். ஒன்பது மணிக்கு அதிகாரிகள் வரும்போது ஃபினாயில் வாசனை மட்டும்தான் இருக்கும், செண்பகம் மாடிப்படிக்குக் கீழே போய்விட்டிருப்பாள்.

கோர்ட்டில் யாரோ எப்போதோ போட்ட கேஸ் ஜெயித்து, தற்காலிக ஆட்கள் பதினோரு பேரை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து ஆர்டர் வந்தது. ஒன்பது பக்கம். அக்டோபர் முப்பத்தொன்று, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஒவ்வொருவர் கைரேகையும் ஆதார் ரேகையோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாதவர் பெயர் பட்டியலில் சேராது. அதோடு போகாது விஷயம். நவம்பர் ஒன்று முதல் துப்புரவு வேலை மொத்தமும் தனியார் காண்ட்ராக்டரிடம் போகிறது. பட்டியலில் இல்லாதவருக்கு இருக்கிற வேலையும் இல்லை. செண்பகத்தின் புருஷன் தங்கவேல் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்து முட்டி போனதிலிருந்து பாதி நாள் வீட்டில். இந்த வேலை போனால் அந்த வீடு படுத்துவிடும்.

பதினேழாம் தேதி ரேகை வைக்கக் கூப்பிட்டார்கள். என்னையும் கூட வரச்சொன்னாள். "அவங்கோ இங்கிலீஷ்ல எதுனா சொன்னா எனுக்கு இன்னா புரியும், நீ வா பாய்" என்றாள். கடையைச் சாத்திவிட்டுப் போனேன்.

மெஷின் ஜலஜா மேடத்தின் மேஜையில் இருந்தது. நாற்பது வயது அதிகாரி, கெட்டிக்காரப் பெண்மணி, அந்த ஆபீஸில் சிரிக்கத் தெரிந்த ஒரே ஆள். மற்ற பத்துப் பேருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. செண்பகத்துக்குச் சிவப்பு. கட்டைவிரல் சிவப்பு, ஆள்காட்டி விரல் சிவப்பு, பத்து விரலும் சிவப்பு. ஜலஜா அவள் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தேய்ந்த சோப்பு மாதிரி வழவழவென்று இருந்தது விரல். ஒரு கோடு கிடையாது. பதினோரு வருஷ ஆசிட், பிளீச்சிங் பவுடர். அவர்கள் கக்கூஸைத் தேய்த்துத் தேய்ந்த விரலைத்தான் அவர்கள் மெஷின் இல்லை என்றது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சூப்பரின்டென்டென்ட் சங்கரனிடம் போனோம். மயிலாப்பூர்க்காரர், ரிடையராக ஒன்றரை வருஷம். கெட்டவர் இல்லை. அதட்டிப் பேச மாட்டார், லஞ்சம் வாங்க மாட்டார். ஆனால் ஒரு கையெழுத்து வாங்குவதற்குள் கல்லில் நார் உரித்துவிடலாம்.

"செண்பகம், உக்காரும்மா" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீ செண்பகம்தான்னு காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்லையே" என்றார்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டு நீ யார் என்று கேட்கிற சாமர்த்தியம் சர்க்காருக்குத்தான் வரும். நான் ஒன்பதாம் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். ஜெராக்ஸ் எடுக்கும்போதே படித்திருந்தேன். ரேகை விழாதவர்களுக்கு, அதே ஆபீஸில் அவரை நேரில் அறிந்த சூப்பரின்டென்டென்டும் இன்னொரு அதிகாரியும் சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று அதில் இருக்கிறது. ஜலஜா உடனே தலையாட்டினார். சங்கரன் ஆட்டவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒருவனை நன்றாகத் தெரியும் என்று எழுதிக் கொடுத்தாராம். அவன் ஆளே வேறாம். இவருக்குக் குற்றச்சாட்டு மெமோ வந்து, மூன்று வருஷம் இன்கிரிமென்ட் நின்றுபோனதாம். "தெரியும்னு எழுதறது சுலபம் பாய். எப்படித் தெரியும்னு ஆடிட்ல கேப்பா. அப்போ ஆத்துல உக்காந்துண்டு நான்தான் பதில் எழுதணும்" என்றார். முதலில் ரேகைக்கு முயற்சி செய்யட்டும், இரண்டு வாரம் இருக்கிறதே என்று முடித்துவிட்டார்.

வெளியே வந்ததும் ஜலஜா பின்னாலேயே வந்து செண்பகத்திடம் ஒரு வழி சொன்னார். கையில் தண்ணீர், சோப்பு, ஆசிட் எதுவும் படக் கூடாது. தேங்காயெண்ணெய் தடவித் துணி சுற்றி வைக்க வேண்டும். தோல் வளர்ந்தால் ரேகை திரும்ப வரும், அவர் மாமியாருக்கு வந்ததாம். அதற்காக லீவு மட்டும் போட்டுவிடாதே, இந்த மாதம் ஒரு நாள் விட்டாலும் சர்வீஸ் முறிந்தது என்று பெயரை எடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். வேலைக்கு வரவேண்டும், வேலை செய்யக் கூடாது. அந்த ஆபீஸில் பாதிப் பேர் வருஷக்கணக்காகச் செய்கிற காரியம்தான். செண்பகத்துக்குத்தான் அது பழக்கமில்லை.

மறுநாள் முதல் அந்தக் குடும்பம் செய்தது இருக்கிறதே, அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நாலே முக்கால் பஸ்ஸில் நாலு பேரும் ஏறினார்கள். தங்கவேல் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு மாப் பிடித்தார். மகன் பிரபு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அவன் தலையில் ஆறு கக்கூஸும் விழுந்தது. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கிற மகள் கயல் நாற்பத்திரண்டு மேஜையையும் துடைத்தாள். செண்பகம் இரண்டு கையிலும் எண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். நான் கடை திறக்க வந்தவன் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

தங்கவேலிடம், "அய்ய, பெருக்குறியா கோலம் போடுறியா? மூலைக்குப் போய்யா. தூசி மூலைலதான் குந்திக்கினு கீது" என்பாள். பிரபு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தால், "உன் நாத்தம் மட்டும் சந்தனமாடா" என்று திருப்பி அனுப்புவாள். எட்டேகால் மணிக்கு மூன்று பேரும் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். செண்பகம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, துணி சுற்றிய கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நிற்பாள். ஆபீஸ் முன்பைவிடக் கொஞ்சம் அழுக்காக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் இறங்காது, கூரை ஒழுகும். பெரும்பாக்கம் பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும் வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகிற பெண்கள். விஷயம் இரண்டே நாளில் பஸ் முழுக்கத் தெரிந்துபோனது. செண்பகம் ஏறினால் நடுவில் இடம் விடுவார்கள். கைக்கு மேலே ஒருத்தி பிளாஸ்டிக் பையைப் போர்த்துவாள், இன்னொருத்தி குடை பிடிப்பாள். கண்டக்டர், "ரேகை வந்துச்சாக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் டபுள் விசில் கொடுப்பாராம்.

வீட்டில் சமையல் தங்கவேல். முதல் நாள் கருவாட்டுக் குழம்பில் புளி விட மறந்துவிட்டார். இரண்டாம் நாள் புளி மட்டும்தான் இருந்தது. தீபாவளிக்கு அவரும் பிரபுவும் சேர்ந்து வடை சுட்டார்கள், ஒவ்வொன்றும் ஒரு தேசத்தின் வரைபடம் மாதிரி இருந்ததாகக் கயல் சொன்னாள். செண்பகத்துக்கு எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றிவிட்டது கயல், கை இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு குளித்தாளாம், போலீஸ் பிடித்த திருடன் மாதிரி. சோறு ஊட்டுவது தங்கவேல்.

முதல் இரண்டு நாள் அவளுக்குச் சிரிப்பாக இருந்திருக்கிறது. மூன்றாம் நாள் அழுதுவிட்டாளாம். தங்கவேலே என்னிடம் சொன்னார். "பாய், அவளுக்கு ஊட்டிக்கினே கேட்டேன், ஏண்டி அயுவுறன்னு. கண்ணாலம் ஆயி இருவத்தி நாலு வருசத்துல, சூடா சோறு துன்னு இப்பத்தான்யா பாக்குறேன்றா. இம்மா வேலையும் இவ ஒண்டியாத்தான் செஞ்சிக்கினு இருந்தாளா." மனுஷன் முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னார். எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்து வெட்கமாகிவிட்டது. அன்று நானே தட்டைக் கழுவினேன்.

முப்பதாம் தேதி வியாழக்கிழமை மத்தியானம் செண்பகம் கடைக்கு வந்தாள். என்னிடமும் ஒரு சின்ன ரேகை மெஷின் உண்டு, முதியோர் பணம் எடுக்க வருகிறவர்களுக்காக வைத்திருப்பது. துணியைப் பிரித்தேன். பதிமூன்று நாள் எண்ணெயில் ஊறிய விரல் குழந்தை விரல் மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் மெல்லிசாகக் கோடு. மெஷினில் வைத்தாள். பச்சை எரிந்தது. நம்பாமல் இன்னொரு விரலை வைத்தோம். அதுவும் பச்சை.

கடையில் நின்றவர்களெல்லாம் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாருக்கும் மசால் வடை வாங்கினேன், செண்பகத்துக்கு நானே பிட்டுப் பிட்டுக் கையில் படாமல் இலையோடு நீட்டினேன். ஆபீஸ் மெஷினில் அன்றே வைத்துவிடலாம் என்றால் ஜலஜா லீவு. "நாளிக்கி பத்து மணிக்கு வா பாய்" என்று சொல்லிவிட்டுக் காற்றில் மிதக்கிற மாதிரி பஸ் ஏறப் போனாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு உடைந்தது. ஏழு மணிக்குக் கயல் போன் செய்தாள். பச்சை விளக்கு எரிந்த சேதி அடுக்குமாடி முழுக்கப் பரவியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்தாறு பேருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடக்கிற கையில் மருதாணி நிற்காது என்பதால் கல்யாணத்துக்குப் பிறகு அவர்களில் யாரும் மருதாணி வைத்ததே இல்லை. இன்றைக்கு ஒருத்தியின் கை காய்ந்து, பூப் போலக் கிடக்கிறது. நாளைக்கு சர்க்கார் உத்தியோகம் வாங்கப் போகிறாள். வெறுங்கையோடு போகலாமா? இலை பறித்து, பாக்கும் புளியும் வைத்து அரைத்து, பத்து விரலுக்கும் தொப்பி போட்டுவிட்டார்கள். கயல் காலேஜிலிருந்து வருவதற்குள் நன்றாகப் பிடித்துவிட்டது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மருதாணிக் கையை மெஷின் எடுக்காது என்று பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்கிறவன், அவளிடம் சொல்லவில்லை. தேய்த்து எடுக்கலாமா என்று கயல் கேட்டாள். தேய்த்தால் சிவப்பு போவதற்கு முன்னால் ரேகை போய்விடும். அந்தப் பக்கம் செண்பகத்தின் குரல் கேட்டது. "அவங்கள ஒண்ணும் சொல்லாதே கயலு. ஆசையா வச்சாங்கோ."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் போனோம். குடும்பம் மொத்தமும் என் கடை வாசலில் நின்றது. ஜலஜா செண்பகத்தின் கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பஞ்சு நனைத்துத் துடைத்தார், மெஷின் கண்ணாடியைத் துடைத்தார், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் வைக்கச் சொன்னார். சிவப்பு. மத்தியானம் வரை முப்பது தடவையாவது வைத்திருப்பாள். மூன்று மணிக்கு மறுபடி. நாலு மணிக்கு மறுபடி. ஒவ்வொரு தடவையும் அந்த மெஷின் ஒரு சத்தம் போடும், எனக்கு அதை ஜன்னல் வழியாக வீசிவிடலாம் போலிருந்தது. செண்பகம் இல்லாத பத்துப் பெயர்ப் பட்டியல் பிரின்டரில் தயாராகக் கிடந்தது.

நாலே காலுக்கு ஜலஜா ஒன்பதாம் பக்கத்துச் சான்று ஃபாரத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டு, மற்றதைச் சங்கரன் முன்னால் வைத்தார். "சார், நான் போட்டுட்டேன். இன்னும் ஒண்ணுதான்" என்றார்.

சங்கரன் பேனாவைத் திறந்தார். பாராட்ட வேண்டியதைப் பாராட்டத்தான் வேண்டும், நிஜமாகவே திறந்தார். பெயர், பதவி எல்லாம் எழுதினார். 'இவரை எவ்வாறு அறிவீர்?' என்கிற இடத்தில் பேனா நின்றது.

"செண்பகம், உனக்குச் சொந்த ஊர் எது?" என்றார்.

சொன்னாள்.

"ஆத்துக்காரர் என்ன பண்றார்?"

சொன்னாள்.

"எத்தனை குழந்தைகள்?"

அதையும் சொன்னாள். அவர் பேனாவை மூடிவிட்டார். "இதெல்லாம் இப்போ நீ சொல்லித்தானே எனக்குத் தெரியறது. நானா தெரிஞ்சுண்டது ஒண்ணும் இல்லையே. நான் என்னன்னு எழுதறது?" என்றார். நடிப்பில்லை. மனுஷன் உண்மையாகவே தவித்தார். மணி நாலு முப்பத்தைந்து.

செண்பகம் பதினோரு வருஷத்தில் அந்த அறையில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஆனால் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஒங்களுக்குத் தெரியாது சார். எனுக்குத் தெரியும்" என்றாள். "நீங்க ஒம்பது பத்துக்கு வருவீங்கோ. ரெண்டாவது டிராயர்ல சக்கர மாத்திரை கீது, தீந்துபூட்டா நீங்க சிடுசிடுன்னு இருப்பீங்கோ. மாசில ஒரு நாளு டிபன் பாக்ஸத் தொறக்கவே மாட்டீங்கோ, அன்னிக்கி உங்க சம்சாரம் செத்த நாளு. ஒங்களுக்கு ஒரு மெமோ வந்துச்சே, ஆறு வருசம் ஆச்சு. அன்னிக்கி ரெக்கார்டு ரூமுக்குள்ள போயி ஒரு மணி நேரம் அய்தீங்கோ. தெரியாதுன்னு நெனச்சிக்கினு கீறீங்கோ. நான்தான் வெளியில பக்கெட்ட வச்சிக்கினு நின்னேன். வர்றவங்கோ எல்லாரையும், ஈரமா கீது, வய்க்கும், உள்ள போவாதீங்கோன்னு சொல்லித் திருப்பி அனுப்பினேன். ஒரு மணி நேரம் காஞ்ச தரையத் தொடச்சிக்கினே நின்னேன் சார். இத எழுதிக்கோங்க."

ஜலஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சங்கரன் செண்பகத்தின் முகத்தைப் பார்த்தார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அப்புறம் பேனாவைத் திறந்து, நிறுத்தாமல் எழுதினார். கையெழுத்துப் போட்டு, சீலை அவரே எடுத்துக் குத்தினார். சீல் குத்துவதற்கு அவர் எழுந்து நின்றதை நான் பார்த்ததில்லை.

"பாய், ஓடுங்கோ. ஸ்கேன் பண்ணணும், எங்க மெஷின் வேலை செய்யலை" என்றார்.

ஓடினேன். செண்பகம் என்னை முந்திக்கொண்டு ஓடினாள். மழையில் ரோட்டைக் கடந்து, தங்கவேலையும் பிள்ளைகளையும் தள்ளிக்கொண்டு கடைக்குள் நுழைந்து, இரண்டு ஃபாரத்தையும் ஸ்கேன் செய்து ஜலஜாவுக்கு அனுப்பியபோது மணி நாலு ஐம்பத்தொன்று. நாலு ஐம்பத்தேழுக்கு அவர் போன் செய்தார். பட்டியல் பதினோரு பெயரோடு மேலிடத்துக்குப் போய்விட்டது, பெற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்துவிட்டது. பிரபு அம்மாவைத் தூக்கிச் சுற்றினான். கயல் அழுதாள். தங்கவேல் முட்டியை மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டு, எழுந்திருக்க முடியாமல் சிரித்தார்.

செண்பகம் மட்டும் ஸ்கேனர் மூடியைத் திறந்து சங்கரனின் ஃபாரத்தை எடுத்தாள். இங்கிலீஷில் இருந்தது. "இதுல இன்னா எய்திகீறாரு?" என்று கேட்டாள்.

அவசரத்தில் நானும் படித்திருக்கவில்லை. அப்போதுதான் படித்தேன். 'இவரை எவ்வாறு அறிவீர்?' என்பதற்கு எதிரே இப்படி எழுதியிருந்தார்: "பதினோரு ஆண்டுகளாக இவர் என்னை அறிவார். நான் இவரைப் பற்றி ஒரு நாளும் விசாரித்ததில்லை, அது என் தவறு. இவர் செண்பகம்தான்."

தமிழில் சொன்னேன். மருதாணிச் சிவப்பு விரல்களால் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"செண்பகம்தான்னு போட்டுகீறாரா?"

"போட்டிருக்காரும்மா. கீழ சீலும் இருக்கு."

"இன்னொரு தபா படி பாய்" என்றாள்.

படித்தேன். வாசலில் நாலைந்து பேர் ஜெராக்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. நான் மூன்றாவது தடவையும் படித்தேன்.